12, 25, 29: ஒரே பையனுக்கு மூன்று கொழுப்புச் சதவீதமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. உயரம் 148 செ.மீ., எடை 47 கிலோ, இடுப்பு 30 இஞ்ச். பள்ளியில் பி.டி. சார் கையிலும் காலிலும் தோலை ஒரு கருவியால் பிடித்துப் பார்த்து, உடல் கொழுப்பு 25 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார். வகுப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தும் விட்டார். வீட்டில் உள்ள டிஜிட்டல் எடை மெஷின் ஒரு நாள் 29 காட்டுகிறது, மறுநாள் 26. இணையத்தில் உயரம், எடை, வயது கொடுத்தால் 12 வருகிறது. எதை நம்புவது? இவனுடைய அக்காவுக்கு 15 வயது, 156 செ.மீ., 47 கிலோ, இடுப்பு 65 செ.மீ. அவள் ஏதோ ஒரு சூத்திரத்தில் கணக்குப் போட்டு, 28 வந்துவிட்டது என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.
– ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: முதலில் அந்த 12ஐ அழித்துவிடுங்கள். அது பெரியவர்களுக்கான சூத்திரத்தில் உங்கள் பையனின் வயதைப் போட்டதால் வந்த எண். நெதர்லாந்தில் டியூரன்பெர்க் குழுவினர் 1991ல் வெளியிட்ட சூத்திரம் அது: பி.எம்.ஐ.யை (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 1.20ஆல் பெருக்கி, வயதின் 0.23 மடங்கைக் கூட்டி, ஆணாக இருந்தால் 10.8ஐயும், யாராக இருந்தாலும் 5.4ஐயும் கழிக்க வேண்டும். உங்கள் மகனின் பி.எம்.ஐ. 21.5. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 12 வரும். ஆனால் அதே ஆய்வுக் கட்டுரையில் 15 வயது வரை உள்ளவர்களுக்கென்று தனிச் சூத்திரம் ஒன்று இருக்கிறது: பி.எம்.ஐ. × 1.51, அதில் வயது × 0.70 கழித்தல், ஆண் என்றால் 3.6 கழித்தல், கடைசியில் 1.4 கூட்டல். இதில் போட்டால் 22 வருகிறது.

இரண்டிலும் வயதுக்கு முன்னால் உள்ள குறியைக் கவனியுங்கள். பெரியவர்களுக்குக் கூட்டல், குழந்தைகளுக்குக் கழித்தல். ஒரே பி.எம்.ஐ.யில் இருக்கும் இரண்டு பெரியவர்களில் மூத்தவருக்குத் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும். குழந்தைகளில் தலைகீழ்: வளர வளர எலும்பும் தசையும் கூடுவதால் பி.எம்.ஐ. தானாகவே ஏறும், ஆகவே ஒரே பி.எம்.ஐ. உள்ள 8 வயதுக் குழந்தையைவிட 13 வயதுப் பிள்ளைக்குக் கொழுப்பு குறைவு. இணையக் கணக்கிகளில் பல இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. கழுத்தையும் இடுப்பையும் அளந்து கணக்கிடும் அமெரிக்கக் கடற்படைச் சூத்திரமும் பெரியவர்களுக்கு உரியதுதான்.

மீதி 25, 29, 26, அதோடு இந்த 22. இவற்றில் எதையும் பொய் என்று தள்ள முடியாது, ஆனால் எதுவும் கொழுப்பை அளந்து சொன்னதும் அல்ல. அளந்தது தோல்மடிப்பை, மின்தடையை, எடையை. அங்கிருந்து கொழுப்புக்குப் போவது ஒரு சூத்திரத்தின் வழியாக. அந்தச் சூத்திரம் எந்த நாட்டுப் பிள்ளைகளை வைத்து, எந்தப் பெரிய கருவியோடு ஒப்பிட்டு உருவானதோ, அதன் சாய்வு எண்ணில் ஒட்டிக்கொண்டே வரும்.

உங்கள் பி.டி. சார் பயன்படுத்தியது அநேகமாக ஸ்லாட்டர் குழுவினர் 1988ல் தந்த சூத்திரம். மேற்கையின் பின்பக்க மடிப்பையும் கெண்டைக்கால் உள்பக்க மடிப்பையும் மி.மீ.யில் அளந்து கூட்ட வேண்டும். பையன்களுக்கு அந்தக் கூட்டுத்தொகையை 0.735ஆல் பெருக்கி 1 கூட்டவும், பெண்பிள்ளைகளுக்கு 0.610ஆல் பெருக்கி 5.1 கூட்டவும். 17 மி.மீ.யும் 16 மி.மீ.யும் வந்திருந்தால் 33 × 0.735 + 1, அதாவது 25. இந்தச் சூத்திரம் உடலின் அடர்த்தி, நீர், எலும்புத் தாது மூன்றையும் சேர்த்துப் பார்த்து உருவாக்கப்பட்டது. அதுதான் இதன் பலம். பெரியவரின் கொழுப்பற்ற உடலில் சுமார் 73 சதவீதம் நீர். குழந்தைகளுக்கு அதைவிடச் சில புள்ளிகள் அதிகம், எலும்பில் தாது குறைவு. எனவே அவர்களுடைய கொழுப்பற்ற உடலின் அடர்த்தியே குறைவு. பெரியவர்களுக்கான அடர்த்திச் சூத்திரத்தில் போட்டால், அந்த நீரையும் கொழுப்பு என்று கணக்கு எடுத்துக்கொள்ளும்.

இதே பையனுக்கு 2019ல் வந்த இன்னொரு சூத்திரத்தைப் பாருங்கள். உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, 22ஆல் பெருக்கி, 74இலிருந்து கழிக்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் 5 கூட்ட வேண்டும். 8 முதல் 14 வயதுக்கு இது. 30 இஞ்ச் என்பது 76 செ.மீ.; 148ஐ 76ஆல் வகுத்துப் போட்டால் 31 வருகிறது! 22, 25, 31: மூன்றுமே குழந்தைகளுக்கான சூத்திரங்கள்தாம். கடைசியாகச் சொன்னது அமெரிக்க தேசிய உடல்நல ஆய்வின் டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்-கதிரால் உடலின் கொழுப்பைப் பிரித்துக் காட்டும் ஸ்கேன்) தரவில் உருவானது. அந்தத் தரவில் பிள்ளைகளின் சராசரிக் கொழுப்புச் சதவீதமே அதிகமாக இருக்கும். அங்கே 8–11 வயதுப் பெண்பிள்ளைகளின் சராசரி 32. ஆக ஒரு சூத்திரத்தில் வந்த எண்ணை இன்னொரு சூத்திரத்துக்கான அட்டவணையில் வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான பிள்ளைகூட 'அதிகக் கொழுப்பு' வரிசையில் போய் நிற்கும். இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

வீட்டு மெஷினைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்குச் சிறு மின்னோட்டத்தை அனுப்பி, தடையைப் பார்க்கிறது. மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய்வருவதால் வயிற்றைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. விளையாடி வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் ஏறி நின்றால் தடை கூடும், கொழுப்பு கூடியதாகக் காட்டும். 29க்கும் 26க்கும் இடையில் ஒரே இரவில் உங்கள் மகன் ஒன்றரைக் கிலோ கொழுப்பை இழக்கவில்லை. கையேட்டில் குறைந்தபட்ச வயது எவ்வளவு என்று பாருங்கள். பல மாடல்கள் 18க்குக் கீழ் கொழுப்புக் கணக்கு பொருந்தாது என்றே அச்சிட்டிருக்கும். எடை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையும் உயரமும் சரியாக எடுத்தால் பி.எம்.ஐ. தரும் செய்தி மோசமானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 12 வயதுப் பையனுக்கு நடு அளவு 17.5, 19.9க்கு மேல் போனால் கூடுதல் எடை, 23.6க்கு மேல் உடல் பருமன். உங்கள் மகன் 21.5, கூடுதல் எடை வரிசை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2015ல் வெளியிட்ட அட்டவணை, நம் நாட்டுப் பெரியவர்களுக்கான 23, 27 என்ற எல்லைகளோடு இணைத்து வரையப்பட்டது. மருத்துவரிடம் போனால் அந்தக் கோட்டிலும் ஒருமுறை குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு எல்லை ஏன் தாழ்வாக இருக்கிறது என்றால், இந்திய உடலில் அதே பி.எம்.ஐ.க்குக் கொழுப்பு அதிகம், அதுவும் நடு உடலில். புனேயில் யாஜ்னிக் குழுவினர் 2003ல் காட்டியது இது: அங்கே பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்த அளவுக்கு முதுகுத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. மேலே சொன்ன மூன்று சூத்திரங்களில் ஒன்றும் இந்தியப் பிள்ளைகளை வைத்து உருவானதல்ல. எனவே கையிலும் காலிலும் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்று இருந்துவிடக் கூடாது. வயிற்றுக்கு ஒரு டேப் வேண்டும்.

உங்களைப் போன்ற பெற்றோருக்கு நான் முதலில் சொல்லும் அளவு அதனால்தான் இடுப்பு–உயர விகிதம். இடுப்பை உயரத்தால் வகுத்தால் போதும். அட்டவணை வேண்டாம், ஆண், பெண் என்ற பிரிவும் வேண்டாம். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இதைச் சேர்த்தது: 0.4 முதல் 0.49 வரை நல்லது, 0.5 முதல் 0.59 வரை ஆபத்து கூடுகிறது, 0.6ஐ எட்டினாலே அதிகம். உங்கள் மகனுக்கு 76 வகுத்தல் 148, அதாவது 0.51. எல்லையை ஒட்டி வெளியே நிற்கிறான்.

ஆனால் அந்த 30 இஞ்ச் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பேன்ட் சைஸைப் பார்த்து எழுதியிருந்தால் அது பயன்படாது. பேன்ட் தொப்புளுக்குக் கீழே உட்காரும். துணிக்கடை சைஸ் ஒவ்வொரு பிராண்டுக்கும் மாறும். மறுபடி இப்படி அளங்கள்.

காலையில், சாப்பிடும் முன், கழிவறை போய்வந்த பிறகு. சட்டை இல்லாமல், பாதங்களைச் சற்று அகட்டி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி நிற்கட்டும். பக்கவாட்டில் விரலை வைத்துக் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பைத் தேடுங்கள். பேனாவால் ஒரு புள்ளி. அதே கோட்டில் கீழே இறங்கி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இன்னொரு புள்ளி. குண்டான பிள்ளைகளுக்கு இது எளிதில் தட்டுப்படாது, கொஞ்சம் அழுத்தித் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் டேப். தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடி முன் நிறுத்திப் பாருங்கள். முதுகுப் பக்கம் டேப் சரிவது நமக்குத் தெரியாது. தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. அளக்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொல்லி, மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும் நேரத்தில் படியுங்கள். இரண்டு தடவை எடுங்கள். 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது, பிறகு நெருங்கி வந்த இரண்டின் சராசரி. பழைய தையல் டேப் இழுபட்டிருக்கும்; ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

74, 22 என்று வரும் அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் நடுவில் அளக்காதீர்கள். அமெரிக்க ஆய்வில் டேப்பை இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே வைத்தார்கள். இடம் மாறினால் அளவு மாறும், 2 செ.மீ. கூடினால் விடையில் ஒரு புள்ளிக்கு மேல் கூடிவிடும்.

உயரத்தை அளக்கும்போது குதிகால், புட்டம், தோள்பட்டை சுவரில் படட்டும். கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தலை நேராக இருக்க வேண்டும். தலைக்கு மேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் குறியுங்கள். மகளுக்கு எடுக்கும்போது பின்னலும் கிளிப்பும் கழற்றியாக வேண்டும். காலையைவிட மாலையில் உயரம் ஏறத்தாழ 1 செ.மீ. குறையலாம், ஆகவே எல்லா அளவும் ஒரே நேரத்தில்.

தோல்மடிப்பு அளவு வீட்டில் செய்யத் தேவையில்லை. ஆனால் பள்ளியில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேற்கை மடிப்புக்கு முழங்கையை மடக்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் வெளிமுனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவை டேப்பால் கண்டு குறியிட வேண்டும். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். கண்ணளவில் பிடித்தால் 2 செ.மீ. மேலே போய்விடும், அங்கே கொழுப்பின் கனம் வேறு. கெண்டைக்காலுக்கு, பாதத்தை ஸ்டூல் மேல் வைத்து முழங்கால் மடங்கியிருக்க, சதை மிக அகலமாக உள்ள மட்டத்தில் உள்பக்கம். இரண்டும் வலப்பக்கத்தில், நெடுக்கு மடிப்பாக. இடது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் தோலையும் கொழுப்பையும் மட்டும் தூக்க வேண்டும். தசையும் வந்துவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் பிள்ளையைத் தசையை இறுக்கச் சொன்னால் அது விரலிலிருந்து நழுவும். கேலிப்பரின் (மடிப்பின் கனத்தை அளக்கும் அந்தக் கருவி) தாடைகள் விரல்களுக்கு 1 செ.மீ. கீழே. கேலிப்பரின் கைப்பிடியை முழுக்க விட்டு, விரலில் உள்ள மடிப்பை விடாமல், 2 நொடியில் படிக்க வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் கொழுப்பு நசுங்கி எண் இறங்கிக்கொண்டே போகும்.

நல்ல கேலிப்பர் ஒரு சதுர மி.மீ.க்கு 10 கிராம் என்ற மாறாத அழுத்தத்தைத் தரும். மலிவான பிளாஸ்டிக் கேலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. அளப்பவரின் பெருவிரல் எவ்வளவு அழுத்துகிறதோ அதுதான் அழுத்தம். அந்தச் சாதனத்தில் இன்று ஒருவரும் அடுத்த மாதம் இன்னொருவரும் எடுத்த அளவை ஒப்பிடாதீர்கள். ஓடி விளையாடிய பிறகு எடுத்தால் தோலில் ரத்த ஓட்டம் கூடி மடிப்பு தடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய கையில் மடிப்பு வழுக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் 2 மி.மீ. பிழை சேர்ந்தால் விடையில் 3 புள்ளி போய்விடும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் இந்தச் சூத்திரத்தின் பிழை 3, 4 புள்ளிகள் இருக்கும். எனவே பி.டி. சார் எழுதிய 25ஐ '21 முதல் 29க்குள் எங்கோ' என்று படியுங்கள்.

கையும் காலும் தேர்ந்ததில் அவருக்கு ஒரு பாராட்டு உண்டு. தோள்பட்டைக்குக் கீழே முதுகில் அளக்கும் முறையும் இருக்கிறது, அதற்குச் சட்டையைக் கழற்ற வேண்டும். பள்ளிக்கு அது ஒத்துவராது. ஆனால் எண்ணை வகுப்பில் வாசித்தது தவறு. தனியாக, ஒருவர் ஒருவராக அளந்து, தாளில் எழுதி மூடிக் கொடுக்க வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியை அளக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் பையனிடமும் சதவீதம் எதையும் பேச வேண்டாம்.

இனி என்ன செய்வது? உயரம், எடை, இடுப்பு மூன்றையும் 3 மாதத்துக்கு ஒருமுறை, ஒரே கையால், ஒரே டேப்பால். வாராவாரம் எடுத்தால் அளவுப் பிழையைத்தான் பார்ப்பீர்கள். 12 வயதில் பையன்களுக்குக் கொஞ்சம் சதை போட்டு, பிறகு உயரம் எகிறும்போது கொழுப்பின் சதவீதம் இறங்குவது வழக்கம். அடுத்த ஆண்டு அவன் 155 செ.மீ. ஆகி, இடுப்பு அதே 76இல் நின்றால் விகிதம் 0.49. ஒரு கிலோகூடக் குறைக்காமலே எல்லைக்குள் வந்துவிடுவான். எடை 51 ஆகியிருக்கலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இப்போது 47 கிலோவில் 25 சதவீதம் என்றால் கொழுப்பு ஏறத்தாழ 11.8 கிலோ, 51இல் 22 என்றால் 11.2. ஏறிய எடை எலும்பிலும் தசையிலும் சேர்ந்தது. எனவே இந்த வயதில் 'எடையைக் குறை' என்பது தவறான இலக்கு. இடுப்பை நிறுத்தி, உயரத்தை ஓடவிடுவதுதான் கணக்கு. சாப்பாட்டை வெட்டாமல் பாட்டில் பானம், பாக்கெட் தீனி, சர்க்கரை போட்ட பூஸ்ட் டம்ளர்கள் இவற்றில் கைவையுங்கள். தினம் 1 மணி நேரம் மூச்சு வாங்க விளையாட்டு.

அவன் கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தொட்டால் வெல்வெட் போல் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்கூடால் தேய்க்கும் வீடுகள் நிறைய. அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அது இருந்தாலோ, இரவில் பலத்த குறட்டை இருந்தாலோ, பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, 0.51 என்ற எண்ணுக்கே குழந்தை மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இன்னொரு குறியும் முக்கியம்: சும்மா குண்டாகும் பிள்ளைகள் பொதுவாக வயதுக்கு உயரமாகவே இருப்பார்கள். இடுப்பு பெருத்துக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறைப் பார்க்க வேண்டும். 6 மாதம் பொறுக்காதீர்கள். உங்கள் பையனின் 148 அவன் வயதுக்குச் சராசரியை ஒட்டியதுதான்.

மகள் விஷயம் எனக்கு மகனுடையதைவிட அவசரமாகப் படுகிறது. அவள் போட்ட கணக்கு சரி: 15 முதல் 19 வயதுக்கு 64இலிருந்து உயரம் ÷ இடுப்பு × 20ஐக் கழித்து, பெண் என்றால் 12 கூட்ட வேண்டும். 156 ÷ 65 = 2.4, விடை 28. அவள் ஒப்பிட்ட அட்டவணைதான் தவறாக இருக்கும். ஜிம் சுவர்களில் தொங்கும் பெரியவர் அட்டவணையோ, ஆண்களுக்கானதோ. பருவமடையும் காலத்தில் பையன்களுக்குச் சதவீதம் இறங்கும், பெண்களுக்கு ஏறும், ஏற வேண்டும். இந்தச் சூத்திரத்தில் 15 வயதுப் பெண்ணுக்கு 28 என்பது இயல்பான எண். அவளுடைய பி.எம்.ஐ. 19.3, உலக சுகாதார நிறுவன அட்டவணையில் அந்த வயதுக்கு நடு அளவே 20.2. இடுப்பு–உயர விகிதம் 0.42. குறைக்க அவளிடம் எதுவும் இல்லை.

இதை அவளோடு உட்கார்ந்து, அவளே பென்சிலால் போட்டுப் பார்க்கும்படி காட்டுங்கள். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு 'நீ ஒல்லிதான்' என்ற சமாதானத்தைவிட 0.42 எடுபடும். இரவுச் சாப்பாடு திரும்பட்டும். அதன் பிறகும் உணவைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய் நெடுநேரம் இருப்பது, அடிக்கடி எடை மெஷினில் ஏறுவது இவை தெரிந்தாலோ, எடை 2 கிலோ இறங்கினாலோ, மாதவிடாய் தொடர்ந்து 3 மாதம் வராமல் போனாலோ, குழந்தை மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் சேர்த்துப் பாருங்கள். அதுவரை அந்த மெஷினைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, மகனுக்கு அளக்கும் நாளில் மட்டும் எடுங்கள்.